மாடியில் ஸ்ட்ராபெர்ரி ஏன் வரமாட்டேன் என்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்காளி, கத்தரி, கீரை எல்லாவற்றையும் மாடியில் தாராளமாக எடுக்கிறவர்கள்கூட ஸ்ட்ராபெர்ரியிடம் வந்து திணறுகிறார்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் கேள்விகள் வருகின்றன. ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் சென்னை, திருச்சி, மதுரை, கோவை போன்ற சமவெளி ஊர்களை மனதில் வைத்து எழுதியவை. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

பெரும்பாலான கேள்விகள் "என்ன உரம் போடலாம்?" என்றுதான் முடிகின்றன. நான் பார்த்தவரை உரம் போதாமல் செத்த ஸ்ட்ராபெர்ரி மிகக் குறைவு. இரவுச் சூடு, உப்புத் தண்ணீர், ஆழமாகப் புதைத்து நட்டது, இந்த மூன்றில் ஒன்றில்தான் காரணம் இருக்கும். அதனால் உரத்தைப் பற்றிக் கடைசிப் பக்கம்தான் பேசியிருக்கிறேன்.

எங்க ஊர் வெயிலுக்கு ஸ்ட்ராபெர்ரி வருமா வராதா? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

வரும். ஆனால் கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும்தான். ஆண்டு முழுக்கத் தொட்டியில் நின்று காய்க்கும் செடியாக இதை நினைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கொத்தமல்லி, முள்ளங்கி, காலிஃபிளவர் போல இதையும் ஒரு பருவப் பயிராக வைத்துக்கொள்ளுங்கள்.

பகலில் 22 முதல் 25 டிகிரி, இரவில் 10 முதல் 15 டிகிரி இருந்தால் இந்தச் செடிக்குச் சொர்க்கம். கொடைக்கானலில் டிசம்பர் இரவு 10 டிகிரிக்குக் கீழேகூட இறங்கும். கோவையில் 18, 19-ஐ ஒட்டி நிற்கும். சென்னையில் மார்கழி இரவிலும் 20-க்குக் கீழே இறங்கும் நாட்கள் குறைவு. ஆகவே ஓசூர்க்காரர் எடுக்கும் பழத்தை மயிலாப்பூர் மாடியில் எதிர்பார்க்க வேண்டாம். சமவெளியில் ஒரு செடிக்குப் பத்துப் பதினைந்து பழம் ஒரு பருவத்தில் கிடைத்தால் அது நல்ல விளைச்சல் என்பேன். அந்தக் கணக்கோடு ஆரம்பித்தால் மனம் நோகாது.

அக்கா, எந்த மாசம் நடணும்? ஆடிப்பட்டத்துல போடலாமா?

ஆடியில் வேண்டாம். இந்தியாவில் ஸ்ட்ராபெர்ரிக்குப் பேர்போன மகாபலேஷ்வரிலேயே பெருமழை ஓய்ந்த பிறகு, செப்டம்பர் அக்டோபரில்தான் நடுகிறார்கள். அங்கே நமக்கு வருவது போன்ற ஐப்பசி அடைமழை இல்லை. இங்கே வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை இழுக்கும். திறந்த மாடியில் அக்டோபரில் நட்டால் குருத்தில் தண்ணீர் தேங்கி அழுகிவிடும்.

மழை நேராக விழாத இடம் இருந்தால் அக்டோபர் கடைசியில் நடலாம். பால்கனி, சன்ஷேடு, பாலித்தீன் கூரை போட்ட மூலை எதுவானாலும் சரி. அப்படி இடமில்லாதவர்கள் நவம்பர் நடுவில் நடுங்கள். டிசம்பர் பிறந்துவிட்டால் தாமதம். செடி வேர் பிடித்து நிமிர்வதற்குள் தை போய்விடும்.

விதை வாங்கிப் போட்டேன், ஒரு மாசமாச்சு, ஒண்ணுகூட முளைக்கல. கடைப் பழத்துல இருக்கிற விதையை எடுத்துப் போடலாமா?

இரண்டுமே வேண்டாம். ஸ்ட்ராபெர்ரி விதை கடுகில் பாதிகூட இருக்காது. ஈரமான டிஷ்யூவில் சுற்றி ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று வாரம் வைத்து, பிறகு மண்ணால் மூடாமல் மேலாகத் தூவி, வெளிச்சம் படும்படி வைக்க வேண்டும். அப்புறமும் முளைக்க மூன்று நான்கு வாரம் ஆகும். முளைத்தது காய்க்கும் அளவுக்கு வளர்வதற்குள் கோடை வந்து நிற்கும். நமக்கு இருப்பதே நான்கு மாதக் குளிர். அதில் விதைக்கு நேரமில்லை.

கடைப் பழத்தின் விதை முளைக்கக்கூடியதுதான். ஆனால் தோட்ட ஸ்ட்ராபெர்ரி கலப்பினம். விதையிலிருந்து வரும் செடி தாயைப் போல இருக்காது. அதனால்தான் விவசாயிகளும் ஓடுகொடியில் (செடியிலிருந்து தரையோடு ஓடும் கொடி) வரும் கன்றைத்தான் நடுகிறார்கள். குழந்தைகளுக்கு முளைப்பதைக் காட்ட ஆசையென்றால் தாராளமாகப் போடுங்கள். பழம் வேண்டுமென்றால் நாற்று வாங்குங்கள்.

ஆன்லைன்ல நீலக் கலர், கறுப்புக் கலர் ஸ்ட்ராபெர்ரி விதை விக்கிறாங்களே, நம்பலாமா?

நம்பாதீர்கள். நீல ஸ்ட்ராபெர்ரி என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. அது கணினியில் நிறம் மாற்றிய படம். வெள்ளை ஸ்ட்ராபெர்ரி உண்மையில் உண்டு, ஆனால் அதையும் விதைப் பொட்டலத்தில் வாங்கி எடுத்துவிட முடியாது. இந்தப் பொட்டலங்களில் ஏதோ ஒரு களை விதைதான் பெரும்பாலும் இருக்கிறது. ஆசையாக வாங்கியவர்கள் "எனக்குத்தான் கைராசி இல்லை" என்று தங்களையே நொந்துகொள்வது வேதனையாக இருக்கிறது. கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

எந்த ரகம் வாங்கலாம்? எல்லா மாசமும் காய்க்கிற ரகம்னு ஒண்ணு இருக்காமே?

நாற்று கிடைக்கும் ரகங்களில் ஸ்வீட் சார்லி, வின்டர் டான் இரண்டும் நமக்கு ஓரளவு ஒத்துவரும். இவை அமெரிக்காவின் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் உருவாக்கியவை. ஃப்ளோரிடாவிலும் ஸ்ட்ராபெர்ரி குளிர்காலப் பயிர்தான், அங்கே குளிரும் மிதமானது. சீக்கிரம் காய்க்கும் குணம் இவற்றுக்கு உண்டு. நம்முடைய குறுகிய பருவத்துக்கு அதுதான் முக்கியம். கேமரோசா, சாண்ட்லர் இரண்டும் கலிஃபோர்னியாவிலிருந்து வந்தவை. ஓசூர், ஏற்காடு பக்கம் அவற்றையும் பார்க்கலாம்.

"எல்லா மாசமும் காய்க்கும்" என்று சொல்வது பகல் நீளத்தைப் பார்க்காமல் பூக்கும் ரகங்களை. ஐரோப்பாவில் கோடைப் பகல் 16 மணி நேரம் நீளும். சாதாரண ரகம் அப்போது மொட்டு கட்டாது. அங்கே இந்த ரகங்களுக்குப் பெரிய மதிப்பு. சென்னையில் டிசம்பர் பகல் சுமார் 11 மணி 20 நிமிடம், ஜூனிலும் 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. பகல் நீளம் நமக்குத் தடையே இல்லை, தடை வெப்பம். 30 டிகிரியைத் தாண்டினால் அந்த ரகமும் பூப்பதை நிறுத்திவிடும். கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

கூரியர்ல நாத்து நல்லாத்தான் வந்துச்சு. நட்டு ஒரே வாரத்துல எல்லாம் போச்சு. என்ன பண்ணினேன்னே தெரியல.

அதிகம் வரும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஸ்ட்ராபெர்ரி செடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். வேருக்கும் இலைக் காம்புகளுக்கும் நடுவில் விரல் நுனி அளவுக்குத் தடித்த ஒரு பகுதி இருக்கும். அதுதான் செடியின் தண்டு. கிரவுன் என்பார்கள், நாம் குருத்து என்று வைத்துக்கொள்வோம். இலை, பூ, ஓடுகொடி எல்லாம் அதன் நுனியிலிருந்துதான் வரும். நடும்போது அதன் பாதிவரை மண்ணிலும், புது இலை வெளிவரும் நுனி வெளியிலும் இருக்க வேண்டும். தக்காளியை நடுவதுபோல ஆழமாக இறக்கினால் குருத்து அழுகும். மேலே தூக்கி நட்டால் வேர் காய்ந்துவிடும். நட்டுத் தண்ணீர் ஊற்றியதும் மண் அமுங்கும். அப்போது மறுபடி ஒருமுறை பாருங்கள்.

கூரியரில் வந்த நாற்றை அரை மணி நேரம் சூடோமோனாஸ் (அழுகலைத் தடுக்கும் நன்மை செய்யும் பாக்டீரியா) கலந்த நீரில் வேர் நனைய வையுங்கள். பழைய இலைகளைக் கிள்ளிவிட்டு இளம் இலை இரண்டு மூன்றை மட்டும் விடுங்கள். வேர் இல்லாத நிலையில் ஐந்தாறு பெரிய இலைகளுக்குச் செடியால் தண்ணீர் கொடுக்க முடியாது. வேரைச் சுருட்டி நுழைக்காமல் விசிறிபோல் கீழ்நோக்கி விரித்து, மாலை நேரத்தில் நடுங்கள். ஒரு வாரம் முழு நிழல், அதற்குப் பிறகுதான் காலை வெயில்.

செத்த செடியைத் தூக்கி எறியுமுன் குருத்தை நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். உள்ளே வெண்மையாக இருந்தால் நடவு அதிர்ச்சியிலோ தண்ணீர் போதாமலோ காய்ந்திருக்கிறது. செம்பழுப்பாக ஓடியிருந்தால் பூஞ்சை அழுகல். அந்தத் தொட்டி மண்ணில் மறுபடி ஸ்ட்ராபெர்ரி வைக்காதீர்கள்.

என்ன மண் கலவை போடணும்? வெறும் கோகோபீட் போதுமா?

வேர் மேலாகவே பரவும் செடி இது. வேரில் பெரும்பகுதி மேல் 15 சென்டிமீட்டரில்தான் இருக்கும். அதனால் ஆழமான தொட்டி தேவையில்லை, அகலமானது தேவை. கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கூடவே ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு என்பது போதுமான கலவை. தண்ணீர் ஊற்றினால் ஒரு நிமிடத்தில் அடியில் வடிய வேண்டும். வடியவில்லையென்றால் ஆற்றுமணலோ பெர்லைட்டோ சேருங்கள். நன்றாக மக்காத மாட்டுச் சாணம் வேண்டாம். அதில் வெள்ளை வேர்ப்புழு இருந்தால் இரண்டே வாரத்தில் வேரைத் தின்றுவிடும்.

கோகோபீட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தேங்காய் மட்டையிலேயே உப்பு உண்டு. கழுவாத கட்டியை அப்படியே ஊறவைத்துப் போட்டால் முதல் நாளே செடிக்கு உப்புக் குளியல்தான். மூன்று நான்கு முறை தண்ணீர் மாற்றிப் பிழிந்து எடுங்கள். "கழுவியது" என்று உறையில் போட்டிருந்தாலும் ஒருமுறை கழுவிவிடுவது நல்லது.

இலையோட ஓரம் மட்டும் பழுப்பாகிக் கருகுது. உரம் பத்தலையா?

இல்லை, உப்பு அதிகம். பயிர்களிலேயே உப்பைத் தாங்கும் சக்தி மிகக் குறைந்தவற்றில் ஸ்ட்ராபெர்ரியும் ஒன்று. பாசன நீரின் இ.சி. அளவு (நீரில் கரைந்த உப்பை மின்கடத்தலால் அளப்பது) 0.7-ஐத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். கடையில் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் கணக்கில் அது ஏறக்குறைய 400. சென்னையில் போர் தண்ணீர் 1000-ஐத் தாண்டுவது பல தெருக்களில் சாதாரணம். அதே தண்ணீரில் வெண்டையும் கத்தரியும் நன்றாக வருவதால் யாருக்கும் தண்ணீர்மேல் சந்தேகம் வருவதில்லை.

இந்த நிலையில் உரம் போட்டால் இன்னும் உப்பு சேர்ந்து கருகல் வேகமாகும். முதலில் உரத்தை நிறுத்துங்கள். நல்ல தண்ணீரால் தொட்டியை நிரப்பி, அடியில் வடியும்வரை இரண்டு முறை ஊற்றிக் கழுவுங்கள். கருகிய இலை பச்சையாகாது. அடுத்து வரும் இளம் இலையின் ஓரம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் சரியானதை அறிய வேண்டும்.

அப்போ நல்ல தண்ணிக்கு எங்க போறது? ஆர்.ஓ. மெஷின்ல வெளியேறுற தண்ணி ஊத்தலாமா?

அதை மட்டும் ஊற்றாதீர்கள். குடிக்கும் பக்கம் வராத உப்பெல்லாம் கூடி வெளியேறும் தண்ணீர் அது, போர் தண்ணீரைவிட மோசம். மழைநீர் முதல் தேர்வு. நட்ட பருவமே மழைக்காலம் என்பதால் இரண்டு டிரம் பிடித்து மூடி வைத்தால் பத்துப் பதினைந்து செடிகளுக்கு நெடுநாள் வரும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. அதைப் பிடித்துப் போர் தண்ணீரோடு கலந்தால் டி.டி.எஸ். இறங்கும். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் வரும் வீடுகளில் அதை ஒருமுறை அளந்து பாருங்கள், பல இடங்களில் போதுமானதாகவே இருக்கும்.

இலை மஞ்சளாகுது, ஆனா நரம்பு மட்டும் பச்சையா இருக்கு. இது வேற பிரச்சினையா?

தண்ணீரின் இன்னொரு முகம். இளம் இலையில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச்சத்தை வேரால் எடுக்க முடியவில்லை என்று அர்த்தம். ஸ்ட்ராபெர்ரிக்கு மண்ணின் பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். கடின நீரை ஊற்ற ஊற்ற அது 7.5, 8 என்று ஏறும். மண்ணில் இரும்பு இருந்தாலும் கரையாமல் கிடக்கும்.

இரும்பு செலேட் (வேர் எடுக்கும் வடிவில் இருக்கும் இரும்பு உரம்) வாங்கினால் உறையில் இ.டி.டி.எச்.ஏ. என்று இருப்பதாகப் பாருங்கள். காரமான மண்ணில் அதுதான் வேலை செய்யும். அடுப்புச் சாம்பலும் சுண்ணாம்பும் பி.எச்.சை ஏற்றும் என்பதால் கிட்டேயே கொண்டுவராதீர்கள். மஞ்சளானது அடி இலைகள் மட்டும் என்றால் அது வயதாகி உதிர்வது. கிள்ளிப் போடுங்கள்.

எவ்வளவு வெயில் வேணும்? நிழல்வலைக்குக் கீழே வெச்சா போதுமா?

காலை வெயில் ஐந்து ஆறு மணி நேரம் கட்டாயம். 50 சதவீத நிழல்வலைக்குக் கீழேயே நாள் முழுக்க வைத்தால் இலை செழிக்கும், பூ குறையும், பழம் புளிக்கும். டிசம்பர் ஜனவரியில் நேர் வெயிலே நல்லது. பிப்ரவரி பாதியிலிருந்து மதியத்துக்கு மட்டும் வலை போதும்.

காற்றைவிடத் தொட்டியின் சூட்டைக் கவனியுங்கள். கான்கிரீட் தளம் பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் வெளியிடும். குளிர்ந்த இரவு தேவைப்படும் செடியை அதன்மேல் வைப்பது அடுப்பங்கரையில் தூங்க வைப்பது போலத்தான். ஸ்டாண்டிலோ செங்கல்மேலோ ஓரடி உயர்த்தி வையுங்கள். கறுப்புத் தொட்டியைவிட வெள்ளைப் பை நல்லது.

மண்ணு ஈரமாத்தான் இருக்கு. ஆனா மதியம் செடி தொங்கிப் போகுது. இன்னும் தண்ணி ஊத்தவா?

ஊற்றாதீர்கள். ஈரமண்ணில் வாடுகிறது என்றால் வேர் வேலை செய்யவில்லை. மாலையில் தானாக நிமிர்ந்தால் வெயில் சோர்வு, கவலையில்லை. காலையிலும் தொங்கினால் வேரழுகல் அல்லது மேலே சொன்ன வேர்ப்புழு. செடியை மெல்லத் தூக்கிப் பாருங்கள். புது வேர் வெளுப்பாக இருக்க வேண்டும். கறுத்து, இழுத்தால் தோல் உருவினால் அழுகல்.

சமவெளிக் குளிர்காலத்தில் விரலை மண்ணில் ஒரு கணு இறக்கிப் பார்த்து, ஈரம் இல்லையென்றால் காலையில் ஊற்றினால் போதும். இலைமேல் ஊற்ற வேண்டாம், மண்ணில் ஊற்றுங்கள். வைக்கோல் மூடாக்கு இரண்டு விரல் கனத்துக்குப் போட்டால் ஈரமும் நிற்கும், பழமும் மண்ணைத் தொடாது. குருத்தைச் சுற்றி மட்டும் மூடாக்கு படாமல் விடுங்கள்.

செடி புதர் மாதிரி செழிப்பா இருக்கு, கொடி கொடியா ஓடுது. பூ மட்டும் வரவே இல்லையே?

சூடாக இருக்கிறது, சாப்பாடும் அதிகம் என்று செடி சொல்கிறது. ஸ்ட்ராபெர்ரிக் குருத்தில் பக்கவாட்டில் வரும் மொட்டு ஓடுகொடியாகவும் போகலாம், பூங்கொத்து தரும் கிளைக்குருத்தாகவும் மாறலாம். குளிர்ச்சியும் குறுகிய பகலும் பூப் பக்கம் தள்ளும்; சூடும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) கொடிப் பக்கம் தள்ளும். பஞ்சகவ்யா, மீன் அமிலம், கடலைப்புண்ணாக்குக் கரைசல் மூன்றையும் வாரம் ஒன்றாகக் கொடுப்பவர்களிடம்தான் இந்தப் புகார் அதிகம்.

கொடியைக் கண்டதும் அடியோடு வெட்டுங்கள். தழைச்சத்து உள்ள எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, தளத்தின் சூட்டிலிருந்து தொட்டியை உயர்த்துங்கள். டிசம்பர் ஜனவரியில் இதைச் செய்தால் மூன்று நான்கு வாரத்தில் மொட்டு தெரிய வாய்ப்புண்டு. மார்ச்சில் செய்தால் பலனில்லை.

முதல் பூவைக் கிள்ளணும்னு எல்லாரும் சொல்றாங்களே?

குளிர்நாடுகளில் செடி ஆண்டுக்கணக்கில் நிற்கும்; அங்கே முதல் பருவப் பூவைத் துறப்பதில் அர்த்தம் உண்டு. நமக்குப் பருவமே குறுகியது. நாலைந்து நல்ல இலை வருவதற்கு முன்னால் பூத்தால் மட்டும் கிள்ளுங்கள். அதற்குப் பிறகு வருவதையெல்லாம் விட்டுவிடுங்கள். பூங்கொத்தில் முதலில் விரியும் பூவில்தான் பெரிய பழம் வரும்.

பழம் கோணல் மாணலா, ஒரு பக்கம் சப்பையா வருது. நோயா? ஒரே ஒரு செடி வெச்சா மகரந்தச் சேர்க்கை ஆகாதா?

நோயில்லை, சேர்க்கை அரைகுறை. நாம் பழம் என்று சாப்பிடுவது பூவின் அடித்தளம் வீங்கியது. மேலே விதைபோல் ஒட்டியிருப்பவைதான் தாவரவியல்படி கனிகள், ஒரு பழத்தில் சுமார் 200 இருக்கும். ஒவ்வொன்றும் கருவுற்றால்தான் அதன் கீழுள்ள சதை வீங்கும். நிட்ச் என்ற தாவரவியலாளர் 1950-இல் இதைச் சோதித்துக் காட்டினார்: பிஞ்சிலிருந்து விதைகளை அகற்றினால் சதை வளரவில்லை, அகற்றிய இடத்தில் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளைப் பூசியதும் வளர்ந்தது. ஆகவே எந்தப் பக்கம் மகரந்தம் படவில்லையோ அந்தப் பக்கம் சப்பையாகிறது.

மாடியில் தேனீ வரத்து குறைவென்றால், பூ விரிந்த நாளிலிருந்து மூன்று நாள், காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள், மெல்லிய தூரிகையால் நடுவிலுள்ள மஞ்சள் குமிழைச் சுற்றித் தடவுங்கள். பக்கத்தில் துளசி, சாமந்தி வைத்தால் தேனீ தானே வரும். பூக்கும் நேரத்தில் வேப்பெண்ணெய் அடிக்காதீர்கள்.

இன்றைய ரகங்களில் ஆண், பெண் பாகம் ஒரே பூவில் இருப்பதால் ஒரு செடி போதும். முன்பு அப்படியில்லை. 1714-இல் ஃப்ரேசியே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் சிலி நாட்டிலிருந்து பெரிய பழ ஸ்ட்ராபெர்ரிச் செடிகளை பிரான்சுக்குக் கொண்டுபோனார். அத்தனையும் பெண் செடிகள், செழித்தும் காய்க்கவில்லை. வட அமெரிக்காவின் வர்ஜீனியா ஸ்ட்ராபெர்ரி பக்கத்தில் நின்றபோதுதான் காய்த்தன. அந்தக் கலப்பில் பிறந்த இனம்தான் இன்று நம் தொட்டியில் இருப்பது. குளிர்நாட்டுக் குணம் அதன் இரு பெற்றோரிடமும் இருந்தது.

நல்லாச் சிவந்துதான் பறிச்சேன். புளியங்காய் மாதிரி புளிக்குது.

காம்புப் பக்கம் வெள்ளை இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். மாம்பழம், வாழைப்பழம்போல் ஸ்ட்ராபெர்ரி பறித்தபின் பழுக்காது. நிறம் கொஞ்சம் கூடலாம், இனிப்பு கூடாது. காம்புவரை சிவந்து, மேலும் ஒரு நாள் விட்டு, காலையில் பறியுங்கள்.

அப்படியும் புளித்தால் நிழல் அதிகம், அல்லது இரவு சூடு. பகலில் செய்த சர்க்கரையைச் சூடான இரவில் செடி தன் சுவாசத்துக்கே செலவழித்துவிடும். ஜனவரிப் பழத்தைவிட மார்ச்சுப் பழம் சிறியதாகவும் புளிப்பாகவும் இருப்பது இதனால்தான். அதற்கு மருந்து கிடையாது. மார்ச்சுப் பழத்தில் ஜாம் போடலாம்.

பழுக்கிறதுக்குள்ள அணில் தின்னுடுது.

பிஞ்சு பிடித்த பிறகு ஒவ்வொரு கொத்துக்கும் சிறு வலைப்பை கட்டுங்கள். பூவிலேயே கட்டினால் தேனீ நுழையாது. மிளகாய்ப்பொடி, நாப்தலீன் உருண்டை எல்லாம் வேண்டாம். நாம் சாப்பிடப் போகும் பழம்.

இலைக்கு அடியில மெல்லிசா நூலாம்படை, மேல வெளிறின புள்ளி புள்ளியா இருக்கு.

செம்பேன். மாசியில் காற்று காய்ந்ததும் வரும். கண்ணுக்குத் தெரியாத அளவு என்பதால் பலர் சத்துக் குறைவு என்று நினைத்து உரம் போடுகிறார்கள். இலையைக் கவிழ்த்துத் தண்ணீரை அடித்துக் கழுவுங்கள், மூன்று நாளுக்கொருமுறை, காலையில். அதிகம் பாதித்த இலைகளை வெட்டி எறியுங்கள். பிறகும் நின்றால் லிட்டருக்கு 3 முதல் 5 மில்லி வேப்பெண்ணெயுடன் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் அடிக்கலாம், பூக்கள்மேல் படாமல்.

மழை நாட்களில் பழத்தின்மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல் படர்ந்தால் அது வேறு, சாம்பல் பூஞ்சை. அந்தப் பழத்தை உடனே அப்புறப்படுத்துங்கள், தொட்டிகளுக்கு நடுவே காற்று போக இடம் விடுங்கள்.

அப்போ உரமே வேண்டாமா?

வேண்டும், கொஞ்சமாக. 15 நாளுக்கு ஒருமுறை செடிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம், பூ வந்த பிறகு சாம்பல்சத்து (பொட்டாசியம், அடுப்புச் சாம்பல் அல்ல) சற்று கூடுதலாக உள்ள ஏதாவது ஒரு கரைசல் பாதி அளவில். இதுவே போதும். வாழைப்பழத்தோல் ஊறவைத்த தண்ணீரில் பெரிதாக ஒன்றும் இல்லை, கெடுதலும் இல்லை. யூரியா வேண்டவே வேண்டாம்.

மலைக்குப் போனப்போ வேலியோரமா இருந்த ஸ்ட்ராபெர்ரியைப் பிடுங்கிட்டு வந்தேன். மஞ்சள் பூ பூக்குது, பழம் சப்புன்னு இருக்கு.

அது ஸ்ட்ராபெர்ரி இல்லை. இலையும் சிவந்த பழமும் ஏமாற்றும். பொய் ஸ்ட்ராபெர்ரி என்று சொல்லும் வேறு செடி. பூ மஞ்சள் என்றால் அதுதான், நம் ஸ்ட்ராபெர்ரியின் பூ வெள்ளை. தின்றால் தீங்கில்லை, சுவையும் இல்லை. தரைமூடியாக அழகாகப் படரும், வைத்துக்கொள்ளலாம்.

உண்மையான காட்டு ஸ்ட்ராபெர்ரியும் நம் மலைகளுக்கு அந்நியமல்ல. ஃப்ரகேரியா நில்கெரென்சிஸ் என்ற ஓர் இனத்தின் பெயரே நீலகிரியைக் குறிப்பது. ஆனால் காட்டிலிருந்து எதையும் பிடுங்கி வராதீர்கள்.

கொடைக்கானல் நர்சரியில பழத்தோட வாங்கினேன். இங்க வந்து நாலு பழம் குடுத்துச்சு, அப்புறம் ஒரு பூகூட இல்லை. நான் என்ன தப்பு பண்ணினேன்?

ஒரு தப்பும் செய்யவில்லை. நீங்கள் பார்த்த நாலு பழத்துக்கான மொட்டு, செடி மலையில் இருந்தபோதே, வாங்குவதற்குப் பல வாரம் முன்னால், குருத்துக்குள் உருவானது. அது இங்கே வந்து விரிந்தது. இங்குள்ள இரவில் புது மொட்டு கட்டவில்லை, அவ்வளவுதான்.

இதையே நமக்குச் சாதகமாகவும் திருப்பிக்கொள்ளலாம். சமவெளியில் சிறந்த வழி இதுதான் என்பது என் கருத்து: சின்ன நாற்றை அக்டோபரில் வாங்குவதற்குப் பதில், மலையில் குளிர் வாங்கிய, மொட்டுத் தெரியும் செடியை டிசம்பரில் வாங்குங்கள். தொட்டியோடு வாங்கினால் வேர் கலையாது. உள்ளே தயாராக இருக்கும் மொட்டுகள் வரிசையாக விரியும், அதற்குள் இங்கும் தை பிறந்துவிடும்.

வேர்ல தினமும் ஐஸ் கட்டி போட்டா பூக்கும்னு வீடியோவுல பாத்தேன். சரியா?

எண்ணம் சரி, வழி சரியில்லை. பூப்பதைத் தீர்மானிப்பது குருத்து நுனி என்பதால் அதைக் குளிர்விப்பது வீண் யோசனையல்ல. ஜப்பானில் பசுமைக்குடில்களில் குருத்தை ஒட்டிக் குழாய் பதித்து, சுமார் 20 டிகிரித் தண்ணீரை ஓடவிட்டுக் குளிர்விக்கிறார்கள். அது நாள்கணக்கில் விடாமல் நடப்பது. நாம் போடும் ஐஸ் அரை மணியில் கரைந்துவிடும், பட்ட இடத்தில் வேர்தான் அதிரும். அந்த உழைப்பைத் தொட்டியை உயர்த்துவதிலும் மாலையில் தளத்தில் தண்ணீர் தெளிப்பதிலும் செலவழியுங்கள்.

நாங்கள் யாழ்ப்பாணத்திலை இருக்கிறம். இங்கை வளர்க்கேலுமோ? நுவரெலியாவிலை நல்லா வருதே.

நுவரெலியாவின் குளிர் யாழ்ப்பாணத்தில் இல்லை, அதோடு உங்கள் மண்ணும் கிணற்றுத் தண்ணீரும் சுண்ணாம்புக்கல் மேல் நிற்பவை. இலை மஞ்சளாவது பற்றி மேலே சொன்ன பிரச்சினை உங்களுக்கு முதல் மாதமே வரும். நிலத்தில் நட வேண்டாம். சாடியில், கழுவிய தும்புத்தூள் கலவையில், மாரியில் பிடித்த மழைநீரை மட்டும் விட்டு, மார்கழி முதல் மாசி வரைக்கும் பார்க்கலாம். நுவரெலியாவிலிருந்து மொட்டோடு வரும் கன்று கிடைத்தால் கொடைக்கானல் செடிக்குச் சொன்னதே உங்களுக்கும்.

பங்குனி வந்தாச்சு. செடியை எப்படியாவது அடுத்த வருஷம் வரைக்கும் காப்பாத்த முடியுமா?

ஓசூர், ஏற்காடு, பெங்களூரு போன்ற இடங்களில் முடியும். பூங்கொத்துகளை வெட்டிவிட்டு, கிழக்குப் பக்க நிழலில் வைத்து, ஈரம் மட்டும் காத்து வந்தால் ஜூன் மழைக்குப் பிறகு ஓடுகொடி விடும். கொடியின் கணுவைச் சின்னக் கப்பில் பதித்து வேர் விட்டதும் வெட்டிப் பிரித்தால் அடுத்த பருவத்துக்கு இளஞ்செடி தயார். கிழத் தாய்ச்செடியைவிட அந்தக் கன்றுகள்தான் நன்றாகக் காய்க்கும்.

சென்னை, மதுரை, திருச்சி, வேலூர் என்றால் விட்டுவிடச் சொல்வேன். சித்திரை வெயிலில் ஏ.சி. அறைக்குள் தூக்கி வைத்துக் காப்பாற்றியவர்களின் செடிகளும் ஐப்பசியில் நோஞ்சானாகத்தான் நிற்கின்றன. செடியைப் பிடுங்கி உரக்குழியில் போடுங்கள். குருத்து அழுகிச் செத்ததை மட்டும் குப்பைக்கு அனுப்புங்கள். நோயில்லாத தொட்டிக் கலவையை நல்ல தண்ணீரில் இரண்டு முறை வடியவிட்டு உப்பு இறக்கி, கொஞ்சம் தொழுவுரம் சேர்த்து வெண்டையோ கொத்தவரையோ போடுங்கள். அவை அந்த வெயிலிலும் உங்களைக் கைவிடாது.